செத்தவர்கள் வரவேண்டாம்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஆல்ட்டா என்று ஒரு மலையூர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 228. சுமாரான ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க நிற்கும் கூட்டம், அவ்வளவுதான். இந்த 228 பேருக்கு ஒரு மேயர், ஒரு கவுன்சில், துப்பாக்கியோடு ஒரு மார்ஷல். பனிச்சறுக்குப் பைத்தியங்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஸ்தல புராணத்தையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்தி கொஞ்சம் தெளியும்.

மார்மன்கள் என்ற மதக்கூட்டத்தார் 1847இல் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். தலைவர் பிரிகாம் யங் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: உழுங்கள், விதையுங்கள், தங்கம் வெள்ளி என்று மலையைத் தோண்டிக்கொண்டு அலையாதீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ஆல்ட்டா இருக்கும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குக்கு அவர்கள் போனது கோயிலுக்குக் கல் வெட்ட. கீழ்ப்பகுதியில் கல்லை உடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, சால்ட் லேக் சிட்டியில் ஆலயம் கட்டினார்கள். 1853இல் ஆரம்பித்த வேலை 1893இல் முடிந்தது. நாற்பது வருஷம். அவசரமே இல்லாத மக்கள்.

அவசரக்காரர்கள் பின்னால் வந்தார்கள். மார்மன்களின் மேல் ஒரு கண் வைத்திருக்க மத்திய அரசு ஒரு படையை அனுப்பியது. அதன் தளபதி பேட்ரிக் கானருக்கு மார்மன்களைக் கண்டால் ஆகாது. சுட்டுத் தள்ள உத்தரவு இல்லை. ஆகவே வேறு வழி பார்த்தார். சிப்பாய்களை லீவு கொடுத்து மலைக்கு அனுப்பி, வெள்ளி தேடச் சொன்னார். வெள்ளி கிடைத்தால் ஊர் உலகத்துக் குடிகாரர்கள் எல்லாம் வந்து குவிவார்கள், மார்மன்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள் என்பது கணக்கு. போர்த் தந்திரமாகப் பார்த்தால் மோசமில்லை. 1860களின் முடிவில் பள்ளத்தாக்கின் உச்சியில் எம்மா என்ற சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தது. நல்ல வெள்ளி. அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் எவ்வளவு வெள்ளி என்பதில்தான்.

எம்மாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும். சுரங்கத்தைக் கையில் வைத்திருந்த டிரெனர் பார்க்கும் கூட்டாளிகளும் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். மலைக்குள் இருக்கும் வெள்ளியைவிட லண்டனில் இருக்கும் பணத்தைத் தோண்டுவது சுலபம். 1871இல் லண்டனில் பத்து லட்சம் பவுண்டு மூலதனத்தோடு எம்மா கம்பெனி ஆரம்பமாயிற்று. பங்கு ஒன்று 20 பவுண்டு. தரகு வேலைக்கு ஆல்பர்ட் கிரான்ட் என்று ஒரு ஆள். பிறவிப் பெயர் காட்ஹைமர். பெயர் உட்பட எதையும் நல்ல விலைக்கு மாற்றத் தெரிந்தவர்.

கம்பெனி நம்பிக்கையானது என்று காட்ட விபூதி பூசிய ஒரு நெற்றி வேண்டுமல்லவா? அதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் வந்தார். சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்து, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார். கூலி 25,000 டாலர். மனிதர் ஏற்கெனவே அனுபவசாலி. பென்சில்வேனியாவில் எண்ணெய் பற்றி 1855இல் அவர் எழுதிய அறிக்கை பலித்துவிட்டது. கலிஃபோர்னியா எண்ணெய் பற்றி எழுதியது பெரிய வம்பில் முடிந்தது. மூன்றாவது ஜோசியம் எப்படி இருக்கும் என்று பங்கு வாங்கியவர்கள் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நெற்றி அதைவிடப் பெரியது. பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர், ஜெனரல் ராபர்ட் ஷெங்க். கம்பெனியின் இயக்குநர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பங்கு வாங்க அவருக்குக் கடன் கொடுத்ததே பார்க்தான். தூதரே சேர்ந்திருக்கிறார் என்று லண்டன் கனவான்கள் வரிசையில் நின்றார்கள். வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர் ஹாமில்டன் ஃபிஷ்ஷுக்கு வியர்த்துவிட்டது. இயக்குநர் பதவியை விடச் சொன்னார். ஷெங்க் விட்டார். ஆனால் தூதர் பதவியில் தொடர்ந்தார், சீட்டாட்டத்தையும் தொடர்ந்தார். ஆங்கிலேய மேட்டுக்குடிக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு பண்ணை வீட்டு விருந்தில் வீட்டம்மா கேட்டுக்கொண்டதால் விதிகளை எழுதிக் கொடுக்க, அந்த அம்மாள் அதை அச்சடித்தே விட்டார். கையில் ஒன்றும் இல்லாமலே எல்லாம் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் கலையை ஒரே தூதர் சீட்டிலும் பங்கிலும் சேர்த்துக் கற்பித்தது ராஜதந்திர வரலாற்றில் அபூர்வம்.

கம்பெனி ஆரம்பத்தில் மாதம் ஒன்றரை சதவீதம் லாபப் பங்கு கொடுத்தது. வருஷத்துக்கு 18 சதவீதம். யாருக்குத்தான் வாய் இனிக்காது? பிறகு மலை கையை விரித்தது. தாதுக்கட்டி தீர்ந்துவிட்டது. அதுவரை லாபம் என்று கொடுத்ததில் ஒரு பகுதி பங்குதாரர்களின் சொந்தப் பணமே திரும்பி வந்தது என்பது வெளியே வந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1876இல் ஷெங்க் பதவியை விட்டு ஊருக்குக் கிளம்பினார். லண்டனில் கோர்ட்டு அழைப்பு வந்தபோது தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். கடைசிச் சீட்டை எப்போது இறக்குவது என்று தெரிந்த மனுஷன்.

லண்டனில் இத்தனை நடக்கும்போது மலையில் ஆல்ட்டா ஜேஜே என்று இருந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம், 26 சாராயக் கடை, நூற்றுக்கு மேல் கொலை என்று ஊரார் சொல்வார்கள். கொலைக் கணக்கை நம்பவேண்டியதில்லை; அத்தனை பேரைக் கொன்றிருந்தால் 26 கடைக்கு வியாபாரம் நடந்திராது. ஆனால் 1873 சம்பவத்தை மட்டும் நம்பத்தான் ஆசை. பத்திரம் கித்திரம் எதுவும் கேட்காதீர்கள். வாய்வழிக் கதைதான்.

அந்த வருஷம் ஊருக்கு ஒரு அந்நியன் வந்தானாம். கல்லறையில் கிடப்பவர்களை எல்லாம் உயிரோடு எழுப்பித் தருகிறேன் என்றானாம். முதலில் ஊரே உருகிப்போனது. சுரங்கத்தில் போனவன், பனியில் போனவன், சீட்டாட்டச் சண்டையில் போனவன், எல்லாரும் திரும்பி வரப்போகிறார்கள்! ராத்திரி படுத்தபின்தான் மூளை வேலை செய்தது. விதவைக்கு இரண்டாவது புருஷன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். முதல் புருஷன் வந்தால் எந்தப் பாயை விரிப்பது? அண்ணன் பங்குக் குழியைத் தம்பி எழுதி வாங்கியாயிற்று. கூட்டாளியைப் புதைத்த கையோடு அவன் கடனையும் புதைத்தவர்கள் பத்துப் பேர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்போம். இங்கே செத்தவன் வந்து கேட்டுவிடுவானோ என்று பயம். விடிந்ததும் ஊர் கூடி 2,500 டாலர் வசூலித்து அந்நியன் கையில் திணித்து, மகராசன் நீ போய்வா என்று அனுப்பிவைத்தது. எம்மா கம்பெனியின் பங்குதாரர்களைப்போல் இல்லாமல், கொடுத்த காசுக்குச் சொன்ன பலன் முழுசாகக் கிடைத்த ஒரே முதலீடு ஆல்ட்டாவில் இதுதான். ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

புதைக்கப் புதியவர்களுக்குக் குறைவில்லை. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க, உலைக்குக் கரி சுட, குடிசை கட்ட என்று மலைச்சரிவில் இருந்த மரத்தையெல்லாம் மொட்டை அடித்திருந்தார்கள். மரம் பிடித்து வைத்திருந்த பனி, பிடிமானம் இல்லாமல் ஊரின் தலையிலேயே வந்து இறங்கியது. 1878 கோடையில் தீ வந்து ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. மறுபடி கட்டினார்கள். 1885இல் ஒரே பனிச்சரிவில் 16 பேர் போனார்கள். இயற்கை இவ்வளவு வெளிப்படையாகப் பேசியும் கேட்காதவர்கள், 1893இல் வெள்ளி விலை சரிந்தபோதுதான் கேட்டார்கள். சாவுக்குக் கிளம்பாத கூட்டம் சந்தை நிலவரத்துக்கு மூட்டை கட்டியது.

ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை. ஆளே இல்லாத ஊரில் ஜார்ஜ் வாட்சன் மேயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளி தேடி வந்த இந்த மனிதர், மற்றவர்கள் போனபின்பும் போகவில்லை. தேர்தல் நடத்தினார், வாக்காளர் அவர், வேட்பாளர் அவர், முடிவு ஏகமனது. கள்ள ஓட்டு இல்லாத தேர்தல் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. சுரங்க நிலங்கள் ஏராளமாகக் கைவசம்; நிலவரி பாக்கியும் அதே அளவுக்கு ஏராளம்.

1935இல் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கேதரின் கணவாய் வழியாக ஆல்ஃப் எங்கன் சறுக்கிக்கொண்டு வந்தார். நார்வேக்காரர், ஸ்கீயில் பறந்து தாண்டுவதில் சாம்பியன். பனிச்சறுக்குக்குத் தோதான இடம் பார்க்க வனத்துறை அனுப்பியிருந்தது. வந்தவரை உபசரித்தது மாண்புமிகு மேயர், அதாவது ஊர் மொத்தமும். எங்கன் பார்த்தார்: செங்குத்தான சரிவு, மரமே இல்லை, பனியோ உலர்ந்த மாவாகக் கொட்டுகிறது. ஊரைக் கொன்ற காரணங்கள் ஒவ்வொன்றும் ஸ்கீக்காரன் கண்ணில் வரப்பிரசாதம். மொட்டை மலையில் திரும்ப மரம் நடவேண்டும் என்றும் அவர் சொல்ல, அரசு வேலைத்திட்டத்து இளைஞர்கள் வந்து நட்டார்கள். வாட்சன் வரி பாக்கிக்கு ஈடாக மேல்நிலத்தை வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தார். அடியில் இருக்கும் கனிமத்தின் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. வெள்ளி திரும்ப வந்துவிட்டால்? 1952இல் சாகும்வரை அவர் மேயர்தான்.

சால்ட் லேக் சிட்டி வக்கீல் ஜோ குவின்னி ஒரு சங்கம் சேர்த்து, காசு திரட்டி, 1939 ஜனவரியில் காலின்ஸ் லிஃப்டை ஓடவைத்தார். பழைய சுரங்கத்தில் தாது இறக்கிய கம்பிப்பாதையின் உதிரிகளை வைத்துக் கட்டியது. முன்பு தாது தொங்கிக்கொண்டு கீழே வந்தது, இப்போது மனிதர்கள் தொங்கிக்கொண்டு மேலே போனார்கள். ஒரு தடவைக்கு 15 சென்ட், நாள் முழுக்க என்றால் ஒன்றரை டாலர். எம்மாவில் 20 பவுண்டு போட்டவனுக்கு இந்த மலையில் இவ்வளவு தூரம்கூடப் போகக் கொடுத்துவைக்கவில்லை.

ஜனம் திரும்ப வந்தது, பனிச்சரிவும் வந்தது. போரிலிருந்து திரும்பிய மான்டி அட்வாட்டர் 1945இல் வேலை தேடி வனத்துறைக்கு எழுதினார். ஆல்ட்டாவின் பனிக் காவலர் ஆனார். பனி சரிந்து விழுவதற்குமுன் நாமே விழத்தட்டிவிட்டால் என்ன என்று வெடி வைத்துப் பார்த்தார். வெடியோடு ஒவ்வொரு சிகரமாக ஏறுவது உயிரோடு விளையாட்டு. 1949இல் ராணுவத்திடம் கேட்டு ஒரு பழைய பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கியை வாங்கி வந்து மலையைச் சுட்டார். இல்லை, சுடவைத்தார். பீரங்கியைச் சிவிலியன் தொடக்கூடாது என்று விதி. பனி விழும்போதெல்லாம் தேசியக் காவல்படை ஆட்கள் மேலே வந்து சுட்டுக் கொடுக்கவேண்டும். எதிரி மலையில் தயாராக உட்கார்ந்திருக்க, படை கீழே நகரத்திலிருந்து கிளம்பும். ஆனாலும் அமெரிக்காவில் பனிச்சரிவைப் பற்றிய படிப்பே ஆல்ட்டாவில்தான் பிறந்தது என்றால் மிகையில்லை. கானரின் சிப்பாய்கள் வெள்ளிக்காகக் குடைந்த மலைமேல், எண்பது வருஷம் கழித்து ராணுவம் குண்டு போட்டது. இந்தத் தடவை உருப்படியான காரணத்துக்காக.

இன்றும் சராசரியாக ஒரு குளிர்காலத்துக்கு 500 அங்குலத்துக்கு மேல் பனி. 2022-23இல் 903 அங்குலம். மேலே போகும் ஒற்றைச் சாலையின் குறுக்கே அறுபதுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள். ஆபத்து முற்றினால் இன்டர்லாட்ஜ் என்று அறிவிப்பார்கள். யாரும் வாசல் தாண்டக்கூடாது. தாண்டினால் சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 60 மணி நேரம் ஊரே உள்ளே அடைந்து கிடந்தது. உலகத்தின் அருமையான பனியைப் பார்க்கவென்று காசு கட்டி வந்தவர்கள், அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

இவ்வளவு மரணத்தையும் மோசடியையும் பார்த்த ஊர் கடைசியில் யாரை விரோதியாக வரித்தது தெரியுமா? ஸ்னோபோர்டுக்காரர்களை. இரண்டு கட்டைகளில் இரண்டு கால் வைத்தால் வரலாம். ஒரே பலகையில் இரண்டு காலையும் வைத்தால் வரக்கூடாது. அமெரிக்காவில் இந்தத் தடை மிச்சமிருக்கும் மூன்று இடங்களில் ஆல்ட்டா ஒன்று. 2014இல் சிலர் வழக்குப் போட்டார்கள்: அரசு நிலத்தில் பாகுபாடு, அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்துக்கு விரோதம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக எழுதிய திருத்தம் அது. நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016இல், தடை போட்டது அரசு அல்ல, தனியார் நிறுவனம் என்று கைகழுவிவிட்டது. பக்கத்து மலையான ஸ்னோபேர்டுக்கும் ஆல்ட்டாவுக்கும் இடையே வாசல் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிய ஸ்கீக்காரர் தாண்டலாம். பலகைக்காரர் நின்றுவிடவேண்டும்.

நாய்களுக்கும் இதே கதிதான். பள்ளத்தாக்கின் ஓடை சால்ட் லேக் சிட்டிக்குக் குடிநீர் என்பதால் நாய் ஏறக்கூடாது. ஆனால் ஆல்ட்டாவாசிகள் வளர்க்கும் நாய்களுக்கு என்று ஊராட்சி கொஞ்சம் லைசென்ஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஸ்னோபோர்டுக்கு அதுவும் கிடையாது.