திரி வெட்டாத் திருக்கரங்கள்

அக்குறணை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓவியத்துக்கும் பேர்போன ஊர் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. நம்பாதவர்கள் எங்கள் வீடுகளில் ஏதாவது ஒன்றின் ஹோலுக்குள் போய் அண்ணாந்து பார்க்கட்டும். டீவிக்கு நேர் மேலே கறுப்பாக ஒரு வட்டம், சாப்பாட்டு மேசைக்கு மேலே இன்னொன்று, மாடிப்படி மூலையில் அவசரத்தில் வரைந்த அரை வட்டம். தூரிகை இல்லை, மை இல்லை. அத்தனையும் மெழுகுதிரி ஒன்றாலேயே தீட்டியவை.

இந்தக் கலையை வளர்த்த புண்ணியம் மின்சாரத்தை ஆள்பவர்களைச் சேரும். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால் பொல்கொல்ல. 1976 முதல் மகாவலியை அங்கே மறித்து, சுரங்கத்தால் உக்குவளைக்கு அனுப்பிக் கரண்ட் எடுக்கிறார்கள். ஆற்றோடு கீழே போனால் 122 மீட்டர் உயரத்தில் விக்டோரியா அணை, அதன் தண்ணீரால் 210 மெகாவாட். இவ்வளவு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இருட்டின் அருமையை மறந்துவிடக் கூடாதே என்ற கரிசனம்தான், 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டாக வந்தது போலும். பாடம் மறந்திருக்குமோ என்று 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வகுப்பு நடந்தது. அன்றைக்கு நாடே இருண்டது பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கினால் என்று அமைச்சரே அறிவித்தார். வேறெந்த நாட்டில் குரங்குக்கு இத்தனை அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்?

இத்தனை பயிற்சிக்குப் பிறகும் ஒரு கொள்கையை மட்டும் நம் வீடுகள் விட்டுக்கொடுக்கவில்லை: உயிரே போனாலும் திரியை வெட்டுவதில்லை. உருகிய மெழுகு திரி வழியாக ஏறி, ஆவியாகித்தான் எரிகிறது. திரி கால் அங்குலம் இருந்தால் ஏறுகிற மெழுகுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் கணக்குச் சரியாகிவிடும். சுடர் அடக்கமாக நின்று எரியும், சீலிங் வெள்ளையாகவே கிடக்கும். அதில் என்ன கலை இருக்கிறது? திரியை ஓர் அங்குலத்துக்கு வளரவிட்டால்தான் மெழுகு அளவுக்கு மிஞ்சி ஏறும். எரிந்து முடியக் காற்றுப் போதாமல் கரி மேலே கிளம்பும். சுடரின் மஞ்சள் ஒளியே கரித்துகள்கள் தணலாக ஒளிர்வதால்தான் வருகிறது என்பதையும் விளக்க, லண்டனில் மைக்கேல் ஃபரடே 1860 கிறிஸ்மஸ் காலத்தில் தொடங்கிய மெழுகுதிரி விரிவுரைகள் ஆறு. அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல், அந்தக் கரியைச் சுடருக்குள் இருக்கவிடாமல் சுவருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாம்.

ஃபரடேக்கு முன்னரே, 1825இல், கம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். நுனி தானாக வளைந்து, சுடரின் ஓரத்தில் எரிந்து சாம்பலாகட்டும், மனிதனுக்கு வெட்டும் வேலை குறையட்டும் என்பது அவர் எண்ணம். அவரையும் வென்றுவிட்டோம். திறந்த ஜன்னலுக்கு நேரே பீரிசில் மெழுகுதிரியை ஒட்டிவைத்தால் போதும். காற்றில் சுடர் ஆடும். ஆடும்போதெல்லாம் புகை கக்கும். பக்கத்திலேயே திரைச்சீலையும் ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு தைரியம்!

நுளம்பு வருகிறது என்று சொன்னால் ஜன்னலை ஒரேயடியாகச் சாத்தி, நாலு மெழுகுதிரியோடு ஒரு நுளம்புச் சுருளையும் கொளுத்திவிடுவோம். வீசிங் உள்ள பிள்ளையைச் சுடருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து ஓதவும் படிக்கவும் சொல்வோம். கல்வியில் நமக்குள்ள அக்கறை அப்படிப்பட்டது. கரண்ட் வந்ததும் வாப்பா ஒரே ஊதில் அணைப்பார். அணைந்த திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகை எரியாத மெழுகின் ஆவி. கரண்டிக் காம்பால் திரியை உருகிய மெழுகுக்குள் ஒருதரம் அமுக்கி நிமிர்த்தினால் அந்தப் புகை வராது. திரியும் அடுத்த இரவுக்குத் தயாராக நிற்கும். ஆனால் அதற்கு ஒரு கரண்டியை அழுக்காக்க வேண்டும். சுத்தம் ஈமானில் பாதி என்று படித்தவர்கள் கரண்டியை அழுக்காக்குவார்களா?

இவ்வளவையும் செய்துவிட்டு, பழியை யாரிடம் கொடுப்பது என்பதிலும் நமக்குத் தெளிவு உண்டு. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், "என்ன திரி தந்தீங்க நானா, ஊடெல்லாம் கரி!" என்று கேட்டுவிடுவோம். நானாவும் அக்குறணைக்காரர்தானே. விலை கூடிய, தடித்த திரி போட்ட வாசனை மெழுகுதிரியை எடுத்து நீட்டுவார். பேரம்கூடப் பேசாமல் வாங்கி வருவோம். வீட்டில் சும்மா கிடக்கும் கத்தரிக்கோலைத் தேடி எடுக்கும் சிரமம் மிச்சமாவதற்கு, அந்தக் காசு ஒரு காசா?