சீட்டித்துணிக் கூடாரத்துக்கு வாடகை எவ்ளோ?

இன்னா பேராண்டி, லீவு விட்டா லண்டனைச் சுத்தறவன் இந்தத் தபா வேல்ஸ் பக்கம் போறியாமே. போவிஸ் கோட்டையாம். நல்லா போ. உங்க அத்தை வூட்டுக்கு நான் போயிருந்தப்ப என்னையும் இழுத்துக்கினு போய்க் காட்டினா. வெல்ஷ்பூல்னு ஒரு சின்ன ஊரு, பக்கத்து மேட்டுல செக்கச்செவேல்னு கல்லுக்கோட்டை. ஆற்காட்டுல பொறந்தவன் அங்க போறான்னா கொஞ்சம் வெவரமா போவணும். அதான் கூப்ட்டேன். போனை ஓரமா வையி.

உள்ள போனதும் தோட்டத்துலயே பாதி நாளைத் தொலைச்சிடுவ, தெரியும். சரிவை வெட்டி அடுக்கடுக்கா தளம் போட்டு வச்சிருக்கான். போட்டோ எடுத்துக்க. யூ மரம்னு ஒண்ணு நிக்கும், முந்நூறு வருசமா கத்திரிச்சிக் கத்திரிச்சி இப்ப பொங்கி வழியற இட்லி மாவு கணக்கா செவுத்து மேல சாஞ்சிக்கினு கெடக்குது. அதைக் கத்திரிக்க வருசாவருசம் மிசின் ஏணில ஏறி வாரக்கணக்கா வேலை செய்யறாங்க. நம்ம தெரு முனை வேப்பமரத்தை ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாங்க பாரு, நம்ம ஆளுங்க சுறுசுறுப்பு அவங்களுக்கு எங்க வரும்? மயிலும் உலாத்தும். எட்ட நின்னு பாரு, அதும் நம்ம பக்கத்துச் சரக்குதான்.

அப்புறம், நம்ம ஆற்காட்டுல சண்டை போட்ட கிளைவு கட்டின கோட்டைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. அவன் அங்க குடியிருந்ததே இல்ல. வேல்ஸ் ராசா ஒருத்தரு 13ஆம் நூற்றாண்டுல கட்டினது. 1587ல ஹெர்பர்ட்டுங்க வாங்கினாங்க. அந்த வூட்டுப் பொண்ணு ஹென்றியட்டாவை கிளைவு பையன் எட்வர்டு 1784ல கட்டிக்கினான். பொண்ணு வூட்ல பரம்பரைப் பேரு இருந்துச்சு, கூடவே கடனும் இருந்துச்சு. மாப்ள வூட்ல காசு கொட்டிக் கெடந்துது, பேருதான் கொஞ்சம் நாறிப் போயிருந்துது. ஜாதகமே பாக்க வேணாம், பத்துப் பொருத்தமும் சரி.

அந்தப் பையன்தான் 1798ல மெட்ராஸுக்கு கவர்னரா வந்தான். மறு வருசமே திப்பு செத்தாரு, சீரங்கப்பட்டணம் விழுந்துது. அவரு சிம்மாசனத்தை உடைச்சிப் பங்கு போட்டாங்க. பாகப்பிரிவினைல அண்ணன் தம்பி ஒரே கட்டிலைக் காலு காலா கழட்டிக்கினு போறதை நான் பாத்திருக்கேன், ஆனா செத்தவனுக்கு சொந்தமே இல்லாதவன் பங்கு கேட்டது அங்கதான். 1800ல கவர்னரம்மா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கினு சீரங்கப்பட்டணம், கோயமுத்தூரு, திருச்சி, தஞ்சாவூருன்னு மாசக்கணக்கா சுத்திட்டு வந்தாங்க. ஊரு சுத்தினா ஏதாவது வாங்கியாறது பொம்பளைங்க வழக்கம்தான், உங்க அத்தையைப் பாத்தா தெரியாதா.

எல்லாம் சேத்து கோட்டைக்குள்ளயே ஒரு அருங்காட்சியகம். 1987ல தெறந்தது. சிம்மாசனத்துல இருந்த சின்னப் புலித்தலை ஒண்ணு, தங்கம், மேல கல்லு பதிச்சது, கண்ணாடிக்குள்ள மொறைச்சிக்கினு இருக்கும். கத்தி, ஹூக்கா, தந்தத்துச் சாமான், நம்ம சாமி சிலைங்க. இருட்டா வச்சிருக்காங்களேன்னு கரண்டு பில்லைப் பத்தி யோசிக்காத, வெளிச்சம் பட்டா துணி சாயம் போயிடும். ஏன்னா அங்கதான் திப்பு கூடாரம் இருக்குது. முழுக்க சீட்டித்துணி. வளைவுக்கு ஒரு ஜாடி, ஜாடி நெறையப் பூவு. எந்தக் கை போட்ட பூவோ, இன்னும் வாடல. இதைக் கொண்டு போய் கோட்டைத் தோட்டத்துல விருந்து வச்சப்ப பந்தலாப் போட்டிருக்காங்கடா. ராசா தங்கின கூடாரத்துக்குக் கீழ டீயும் கேக்கும்.

மூலைல காவலுக்கு ஒரு வெள்ளக்காரப் பாட்டியம்மா உக்காந்திருந்தாங்க. "இதுக்கெல்லாம் ரசீது இருக்குதாம்மா?"ன்னு கேளுன்னு உங்க அத்தை கிட்ட சொன்னேன். என் கையைக் கிள்ளிட்டு, அப்புறம் கேட்டா. பாட்டியம்மா ஒரு நிமிசம் முழிச்சி, நல்லா சிரிச்சி, இது நல்ல கேள்வின்னாங்க. அதனால நீயும் சண்டை போடாத. கொரலை ஒசத்தாத. பல்லைக் காட்டிக்கினு ரசீது மட்டும் கேளு. வூட்டைப் பராமரிக்கற நேஷனல் டிரஸ்டே 2020ல ஓர் அறிக்கை போட்டு, காலனிக் காசும் அடிமை வியாபாரக் காசும் ஒட்டின எடம் எங்க கிட்ட 93ன்னு ஒத்துக்கிச்சி. அதுல அந்த ஊருக்காரங்க பல பேருக்குக் கோவம். எடுத்தவன் மேல இல்லடா, கணக்கு எழுதினவன் மேல!

பெரிய கிளைவு இன்னும் கெட்டிக்காரன். 1773ல பார்லிமெண்டுல வச்சிக் குடைஞ்சப்ப, இவ்ளோ கம்மியா எடுத்ததை நெனச்சா எனக்கே ஆச்சரியமா இருக்குதுன்னானாம்.

நீ மட்டும் இன்னா ஒழுங்கா? அங்க போய் எங்க சொத்துன்னு மூக்கைச் சிந்துவ. இங்க இருக்கற டெல்லி கேட்டு மேல ஒரு நாளாவது ஏறிப் பாத்திருக்கியா? 1751ல கிளைவு அம்பது நாள் முத்துகைல மாட்டிக்கினு கெடந்த கோட்டைல மிச்சம் அதுதான். அரிசி தீர்ற நேரம், சோறு தொரைங்களுக்கு, எங்களுக்கு வடிகஞ்சி போதும்னு நம்ம சிப்பாய்ங்க சொன்னாங்கன்னு அவங்க ஆளுங்க பெருமையா எழுதி வச்சிருக்காங்க. நெசமோ பொய்யோ. நெசமா இருந்தா, அந்தக் கஞ்சியை ஊத்திக் கொழைச்ச சுண்ணாம்புதான் அவங்க சொத்துக்கெல்லாம் அஸ்திவாரம்.

சரி, வேலையா ஒண்ணு சொல்றேன். தைல உன் தங்கச்சி கல்யாணம். பந்தல்காரன் கேக்கற வாடகை நெஞ்சை அடைக்குது. அந்தப் பாட்டியம்மா இருந்தாங்கன்னா, கூடாரத்தை ரெண்டு நாளைக்குக் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரு. முன்பணம் நான் அனுப்பறேன். அழுக்குப் படாம திருப்பிக் குடுத்துடுவேன்னு சொல்லு. எழுதிக் கேட்டா எழுதிக் குடு, கையெழுத்து நான் போடறேன்.