எங்கு சுற்றியும் மினிபிராட்டைச் சேவி: ஃபிராக்டல் ஜூம் வீடியோக்கள் குறித்து ஒரு சிற்றாய்வு

1. ஆய்வுப் பொருள்

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கு. இன்னோர் எண்ணைக் கூட்டு. வந்த விடையை மறுபடி அப்படியே செய். எத்தனை சுற்று போனாலும் கட்டுக்குள் நிற்கும் புள்ளிகளுக்குக் கறுப்பு. தறிகெட்டு ஓடியவற்றுக்கு, எத்தனையாவது சுற்றில் ஓடின என்பதைப் பொறுத்து நிறம். 1980இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இந்தக் கணக்கைக் கணினிப் படமாக்கி ஆராய்ந்த பெனுவா மாண்டல்பிராட்டின் பெயரே அதில் எழும் ஃபிராக்டல் வடிவத்துக்கு நிலைத்தது. அதன் ஓரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவது ஜூம் வீடியோ. கதை இல்லை, வசனம் இல்லை. பாதியில் எழுந்து போகவும் மனம் வருவதில்லை. ஏன் என்பதே நம் வினா.

2. ரசிகர் வகை

வண்ணர்: கணக்கு பொதுச் சொத்து, நிறத்தேர்வு மட்டுமே கலைஞனின் சொந்தச் சொத்து என்னும் கட்சியினர்.

தலத்தார்: அவ்வடிவத்தின் ஓரத்திலுள்ள கடற்குதிரைப் பள்ளத்தாக்குக்கும் யானைப் பள்ளத்தாக்குக்கும் வழி தெரிந்தவர்கள். முதல் வளைவிலேயே ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

ஆழர்: படத்தை விட்டுவிட்டு, மூலையில் ஏறும் உருப்பெருக்க எண்ணை மட்டும் ரசிப்பவர்கள்.

3. ஆழத்தின் கௌரவம்

இயற்பியல் பேசும் மிகச் சிறிய நீளம் பிளாங்க் நீளம். அதைவிடக் காணத்தகு பிரபஞ்சம் எத்தனை மடங்கு பெரியது என்பதை 62 இலக்கங்களில் எழுதிவிடலாம். ஆழருக்கு இது திண்ணையைத் தாண்டாத தூரம். அவர்கள் பார்க்கும் வீடியோக்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போகின்றன. சாதாரணக் கணினி எண்ணோ சுமார் 16 இலக்கத்தில் மூச்சு வாங்கும். எனவே 2013 முதல் ஒரு தந்திரம் வழக்கில் உள்ளது: ஒரே ஒரு புள்ளியை முழுத் துல்லியத்தில் கணக்கிட்டு, மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார்ப்பது.

4. தரிசனக் கோட்பாடு

இவ்வளவு தூரம் போய்க் காண்பது என்ன? புறப்பட்ட அதே கறுப்பு உருவத்தின் குட்டி வடிவம். அன்பர்கள் அதை மினிபிராட் என்பார்கள். அதை நெருங்க நெருங்கச் சுற்றியுள்ள கோலம் இரண்டு மடிப்பிலிருந்து நான்காகும், எட்டாகும், பதினாறாகும். மடிப்பை எண்ணத் தெரிந்தவருக்குத் திரை விலகப்போவது முன்பே தெரியும். தெரிந்தும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பார். முடிவு தெரிந்திருப்பது இக்கலையில் குறையல்ல, தகுதி.

5. மறுப்பும் பதிலும்

“எல்லாம் ஒரே மாதிரிதானே?” என்பார் வீட்டார். அவ்வுருவத்தின் ஓரம் கோடாக இருந்தும் பரிமாணம் 2, அதாவது ஒரு தளத்துக்கு நிகரான சிக்கல் உடையது என்று கணிதவியலாளர் ஷிஷிகுரா 1991இல் நிறுவிவிட்டார். ஆகவே மறுப்பு கணித அடிப்படையில் தள்ளுபடி. வீட்டார் மேல்முறையீடு செய்வர். அதற்குள் அடுத்த வீடியோ தொடங்கிவிடும்.

6. பரிந்துரை

வீடியோ முடிந்த கணம் வெற்றுச் சுவரைப் பார்க்கவும். விரிவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சில நொடிகள் சுருங்கி விலகும். உள்ளே அழைத்துப் போகும் கலைஞர்கள் பெரும்பாலும் வெளியே கொண்டுவந்து விடுவதில்லை. அந்த வேலையைச் சுவர் இலவசமாகச் செய்கிறது.