எந்தக் குமார்? – ஒரு பெயராய்வு

தமிழ்நாட்டில் ஏதாவதொரு தெருமுனையில் நின்றுகொண்டு ‘குமாரு!’ என்று ஓங்கிக் கூப்பிட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் நிமிர்வார். ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஒரு தலை நீளும். மாடியில் துணி காயப்போடும் அம்மாள், ‘அவன் வேலைக்குப் போயிட்டானே’ என்பார். இந்த அரிய நிகழ்வு இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. அந்தப் பழியைத் துடைக்கவே இக்கட்டுரை.

முதலில் சொற்பொருள். ‘குமார’ என்றால் வடமொழியில் சிறுவன், மகன், இளவரசன். முருகனுக்கும் அதுவே பெயர். ‘கு’ தீமை, ‘மாரன்’ அழிப்பவன் என்று பிரித்துக் காட்டும் பெரியோர் உண்டு. இப்படி வெட்டத் தொடங்கினால் சுகுமாரன் கதி என்ன என்பதற்கு அவர்கள் விடை சொல்வதில்லை.

வரலாற்றுச் சான்றுகளுக்குக் குறைவில்லை. 5ஆம் நூற்றாண்டுக் குப்த அரசர் முதலாம் குமாரகுப்தர், மயிலோடு முருகன் இருக்கும் பொற்காசு அடித்தார். தம் பெயரின் பெருமையை இன்றைய குமார்கள் ஆட்டோவின் முதுகில் எழுதுகிறார்கள். அவரிடம் தங்கம் இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

இனி இலக்கணம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ் வழக்குப்படி ‘குமார’ என்பது குமாரன், குமரன் என்று ‘அன்’ பெற்றே வர வேண்டும். குமரேசன், குமரவேல், முத்துக்குமாரசாமி என்று நம் தாத்தாக்கள் முழு நீளத்தில் வாழ்ந்தார்கள். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு உயிர்துறந்த திருப்பூர்க் குமரனுக்கும் வீட்டில் வைத்த பெயர் குமாரசாமி. பிறகு இப்பெயர் வடக்கத்தி மோஸ்தரில் வால் அறுந்து ‘குமார்’ ஆயிற்று. ‘ன்’ ஒருமை விகுதி, அதை நீக்கினால் பிள்ளைக்கு மரியாதை கூடும் என்று பெற்றோர் கருதியிருக்கலாம் என்பது என் கருதுகோள். ஆனால் தெரு அதை ‘டேய் குமாரு’ என்று ஒரே விளியில் சமன்செய்துவிட்டது.

அந்த ‘உ’வைக் கொச்சை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஊர் ஊரு, பேர் பேரு, மோர் மோரு, குமார் குமாரு. வந்த சொல்லை மோரோடு சேர்த்துக் கலக்கி நம்முடையதாக்கிய முறை அது. மேலும், சொல்லின் கடைசியில் நிற்கத் தொல்காப்பியர் அனுமதித்த மெய்களில் ‘ர்’ உண்டு. சுரேஷும் கார்த்திக்கும் அவர் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். குமார் தலைநிமிர்ந்து உள்ளே போவார்.

ஒரு பாடபேதத்தையும் குறிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் தமிழ் முஸ்லிம்கள் வழக்கிலும் ‘குமர்’ என்றால் மணமாகாத பெண். ‘வீட்டில மூண்டு குமர் இருக்கு’ என்று யாராவது பெருமூச்சு விட்டால், அது மூன்று குமார்களைப் பற்றியதன்று. ஒரு நெடிலின் கால் விழுந்தால் கல்யாணச் செலவு எந்த வீட்டுக்குப் போகிறது பாருங்கள்.

கல்யாணம் என்றதும் அழைப்பிதழ் நினைவுக்கு வருகிறது. ‘குமார் அவர்களின் ஜேஷ்ட குமாரர் சிரஞ்சீவி சிவகுமார்.’ ஒரே வரியில் மூவர். ‘மகன் அவர்களின் மூத்த மகன் சிவன் மகன்’ என்பது இதன் நேர்ப்பொருள். வழிமொழிந்து பெரியவர்கள் கையொப்பமும் இடுகிறார்கள்.

சினிமா இப்பெயருக்குச் செய்த தொண்டு தனி. பெஷாவரில் பிறந்த யூசுஃப் கான் 1944இல் திலீப் குமாராகத் திரைக்கு வந்தார். தாளவாடிப் பக்கத்துக் கஜனூரில் பிறந்த முத்துராஜ், 1954இல் கன்னடத்தின் ராஜ்குமார் ஆனார். அங்கெல்லாம் குமார் என்பது பட்டம். தமிழில் 2013இல் ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ வந்தது. விஜய் சேதுபதி ‘சுமார் மூஞ்சி குமாரு’ ஆனார். இளவரசன் சுமாருக்கு வந்து சேர்ந்தான். எனக்கென்னவோ இந்தக் குமாரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் குமார் என்பது பெயரே அன்று, வெறும் ‘மகன்’ என்னும் பொதுப்பெயர். அடைமொழி சேர்ந்தால்தான் ஆள் முழுமையாகிறான். இதற்கு என் கைப்பேசியே சான்று. குமார் கேஸ். குமார் தண்ணி கேன். குமார் பிளம்பர். குமார் பிளம்பர் புதுசு. குமார் பழைய ஆபீஸ். குமார் எடுக்காதே. கடைசியில் உள்ள அடைமொழியின் இலக்கணம் ஆய்வுக்குரியது. அது பெயரெச்சமா, ஏவலா? கடன் கேட்பவர் என்பதால் ஏவல் என்றே கொள்க.

கடல் கடந்தால் நிலைமை இன்னும் சிக்கல். நம்மவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே அலுவலகத்தில் எல்லாரும் ‘மிஸ்டர் குமார்’ என்று அழைக்க, ஊரில் ஓய்வெடுக்கும் அப்பாவுக்காக மகன் திரும்பிப் பார்க்கிறான்.

இந்தப் பத்தியை எழுதும்போது ஓர் அழைப்பு வந்தது, புது எண்.

‘சார், குமார் பேசறேன்.’

‘எந்தக் குமார்?’

‘என்ன சார், போன வாரம்கூட வீட்டுக்கு வந்தேனே?’

போன வாரம் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.