கொடைக்கானல் போற மருமகனுக்கு

வா மருமகனே, உக்காரு. உன் வீட்டு வாசல்ல உன்னையே உக்காரச் சொல்றேன்னு நெனைக்காத. எண்பதைத் தாண்டிட்டா எல்லாத் திண்ணையும் நம்ம திண்ணைதான். கட்டில்ல மட்டும் உக்காராத. கயிறு இப்பத்தான் இழுத்துக் கட்டியிருக்கு.

கொடைக்கானல்ல வீடு பாத்திருக்கியாமே? டீக்கடையில பேசிக்கிட்டாக. சந்தோசம். முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தவன், இப்ப உன் வீட்டு ஃபேன்ல அனல் வருதுங்கற. இந்தச் சாத்தூர் வெயில் ஒத்துக்கிடல, வீட்டை வித்துட்டு மலைக்குப் போறேங்கற. நான் தடுக்கமாட்டேன். அறுபதுல நீ பெரியவுக சொல்பேச்சு கேக்க ஆரம்பிச்சா, ஆறுல கேக்காம அடி வாங்குனது வீணாப் போயிருமே.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந்த மாசம் போய்ப் பாத்த? மே மாசம். அக்கினி நச்சத்திரத்துல, இங்க தாரு உருகிச் செருப்போட ஒட்டுற நேரத்துல போயிருக்க. மருமகனே, மாட்டுத் தாவணிக்குப் போயிருக்கியா? அன்னைக்கு மட்டும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, தண்ணி காட்டி வயித்தை உப்ப வச்சுத்தான் நிறுத்துவான். வெவரம் தெரிஞ்சவன் பல்லைப் பிடிச்சுப் பாப்பான், நாலடி நடக்கவிட்டுப் பாப்பான். ஊரும் மாடும் ஒண்ணுதான். கொடைக்கானலுக்குப் பல்லு ஐப்பசியிலதான் தெரியும்.

நமக்கு ஒரு மழை பெஞ்சா கெடா வெட்டணும். அங்க ஐப்பசி கார்த்திகையில அடைமழை. நம்ம கரிசல்ல ஒரு வருஷத்துக்கு விழுறதைப்போல ரெண்டு பங்கு அங்க விழும். நான் கேள்விப்பட்டுப் பேசலை. வத்தல் ஏவாரம் படுத்த வருஷம், பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு ஏத்தலாம்னு பூம்பாறையில ரெண்டு மாசம் கெடந்தவன் நான். ஒரு வேட்டியைத் துவைச்சுப் போட்டா முத நாள் சொட்டும், ரெண்டாம் நாள் சொதசொதக்கும், மூணாம் நாள் நாறும். நாலாம் நாள் வேற வழியில்லாம இடுப்புல ஏறும். உப்பு ஜாடியில உப்பு இருக்காது, உப்புத்தண்ணி இருக்கும்.

சோத்துக் கதையைக் கேளு. பானையில தண்ணி தளதளன்னு கொதிக்கும். அரிசி பாட்டுக்கு முழிச்சுக்கிட்டுக் கெடக்கும். ஒரு செமை வெறகும் தீர்ந்துபோச்சு, அரிசி மசியலை. அடுப்புக்குத்தான் செய்வெனை வச்சுட்டான்னு நெனைச்சேன். உன் மகன், இஞ்சினியரு, போன பொங்கலுக்கு வந்தப்பதான் வெளக்கம் சொன்னான். அம்புட்டு ஒசரத்துல காத்தோட அழுத்தம் கொறைச்சலாம். இங்க 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி அங்க 93-லயே கொதிச்சிருமாம். கொதிக்கிற சத்தம் மட்டும் பெருசா இருக்கும், சூடு இருக்காது. சில ஆபீசருமாரு மாதிரி. உன்னைச் சொல்லலை.

குக்கர் இருக்குங்கறியா? சரி, அரிசிக்குக் குக்கர் இருக்கு. உன் முட்டிக்கு என்ன இருக்கு? மகன் கல்யாணத்துல மண்டபத்து மாடிக்கு ஏற மூணு எடத்துல நின்னவன் நீ. அங்க தெருவே மாடிப்படிதான். ஊரு கெடக்கிறது 7,000 அடியில.

அவனே இன்னொரு கணக்கும் சொன்னான். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி சூடு கொறையுமாம். கொடைக்கானல் 2,100 மீட்டர். அப்ப 13 டிகிரி கொறையுது. இங்க 38 அடிச்சா அங்க 25. கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல? அந்தக் கணக்கு சித்திரைக்கு மட்டும்னு யாரும் சொல்லலை. மார்கழியில நம்மூருல விடியக்காலம் 21-க்கு வந்தாலே காதைச் சுத்தி மப்ளரைக் கட்டிக்கிட்டுக் கோயில் பொங்கலுக்கு வாரவன் நீ. 21-ல 13 போனா எம்புட்டு? பள்ளிக்கூடத்துல கணக்குல நீ கெட்டிதான.

வெள்ளைக்காரன் போய் இருந்தானேங்கற. இருந்தான். மொதல்ல அமெரிக்க மிஷன் பாதிரிமாரு 1845-ல வீடு கட்டிக் குடியேறுனாக. மதுரைச் சீமையில காய்ச்சலும் காலராவும் அவுகளை வாரிக்கிட்டுப் போச்சு, உசுருக்குப் பயந்து ஏறுனாக. ஏறுனாகன்னு பேருதான். ரோடு கெடையாது, நம்மாளுக தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாக. அப்புறம் லெவிஞ்சுன்னு ஒரு மதுரைக் கலெக்டர். 1863-ல ஓடையை மறிச்சு 60 ஏக்கருக்கு ஏரி உண்டாக்குனாரு. நம்ம தூத்துக்குடியிலயிருந்து படகு கொண்டுபோய் அதுல மிதக்கவிட்டாரு. வேலையில இருந்து ஓய்வு பெத்ததும் சீமைக்குக் கப்பல் ஏறாம அங்கயே குடியிருந்துட்டாரு. உனக்கு முன்னோடிதான் மனுசன்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அவரு பொறந்து வளந்தது குளிருல. அந்த மலை அவருக்குத் தாய் வீட்டு வாடை அடிச்சிருக்கும். ஊருக்குத் திரும்புன மாதிரி போய் உக்காந்துட்டாரு. நீ வைப்பாத்து மணல்ல உருண்டவன். உனக்கு அது அசலூரு. அவரு ஏரியே வெட்டிக்கிட்டாரு, உன் பென்சனுக்கு ஒரு கெணறு வெட்ட முடியுமா பாரு.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். நீ சூரியனுக்குப் பயந்து கொடைக்கானல் போற. சூரியனை உத்துப் பாக்குறதுக்குன்னே வெள்ளைக்காரன் ஆபீசு போட்டது அதே கொடைக்கானல்லதான். 1899-ல வந்தது, இன்னைக்கும் இருக்கு. ஏன் போட்டான் தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876-லயிருந்து 78 வரைக்கும் சனங்க கஞ்சியில்லாமச் செத்தாக. மழை பொய்க்கிறதுக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கணும்னு பஞ்சக் கமிசன் சொன்னதுல வந்த ஆபீசு அது. நம்ம பூட்டன் பாட்டன் இந்தக் கரிசல்ல நின்னு வெறுங்கண்ணால பாத்ததைத்தான் அங்க குழாய் வச்சுப் பாக்குறாக. மலைக்குப் போனாலும் அதே சூரியன்தான். குளிருதேன்னு வெயில்ல நின்னா, இங்கத்தைவிடச் சுருக்காத் தோல் கருகும்.

குறிஞ்சி பூக்கும், பாக்கலாம்னு மருமககிட்டச் சொன்னியாம். 12 வருஷத்துக்கு ஒருக்கப் பூக்குறது. 2018-ல பூத்திருச்சு, இனி 2030-லதான். அதுக்கு வீடு எதுக்கு? பஸ் டிக்கெட் போதும். ரயில்ல போறதா இருந்தா, கொடைக்கானல் ரோடுன்னு போர்டு பாத்ததும் ஊரு வந்திருச்சுன்னு சொட்டரை மாட்டிராத. அங்கயிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கு. பேருல வந்த ஊரு வழியில வர நாலு பேரு வாந்தியெடுக்கணும்.

காலையில பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் தெறக்குற. வாசல்ல எமன் வாகனம் மாதிரி ஒண்ணு நின்னு உன் ரோசாச்செடியை மேயுது. காட்டுமாடு. நம்மூரு மாட்டை ‘ஏய்’னா ஒதுங்கும். அது நின்னா நீதான் ஒதுங்கணும். ராத்திரி நெஞ்சு அடைச்சா என்ன செய்வ? ஆஸ்பத்திரி அங்கயும் இருக்கு. பெரிய வைத்தியம்னா மதுரைக்கு வரணும், 120 கிலோமீட்டர் போல. கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கி வர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். மழையில மரமோ மண்ணோ ரோட்டுல விழுந்து கெடந்தா அதுவும் இல்லை.

சொந்தபந்தம் வந்து போகும்ங்கற. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரு வண்டி போகணும்னா இ-பாஸ் எடுக்கணும்னு 2024 மே மாசத்துலயிருந்து ஐகோர்ட்டு உத்தரவு. உன் தங்கச்சி உன்னைப் பாக்க வரணும்னாலும் செல்போன்ல பாஸ் எடுத்துட்டுத்தான் வரணும். அதுல ஒரு லாபம் இருக்கு, கடன் கேக்க நெனைக்கிறவன் பாதியிலயே சோந்துபோவான். நட்டம், பந்திக்கு எலை போட ஆளிருக்காது.

இதெல்லாம் சொன்னதால வெயில் லேசுன்னு நெனைச்சிராத. வெயில் ஆளைக் கொல்லும். வயசாக ஆக தாகமே தெரியாது. உடம்புல தண்ணி வத்துறது தெரியாமலே சாஞ்சிருவோம். அதுக்கு மலை ஏறணுமா, மொட்டை மாடி ஏறுனாப் போதுமான்னுதான் கேக்குறேன். மாசி பொறந்ததும் மாடியில ரெண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடி. ராத்திரி பூரா சன்னலைத் தெறந்து போடு, காலையில எட்டு மணிக்கு மூடிரு. பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் தெருவுல உனக்கு என்ன சோலி? தாகம் எடுக்குதோ இல்லையோ, நேரம் வச்சு நீராகாரம் குடி, மோர் குடி, வெள்ளரிக்காயைக் கடி. சாத்தூர் வெள்ளரிக்கு ரயில்ல போறவனெல்லாம் கையை நீட்டுவான், நீ அதை விட்டுட்டுக் கேரட்டுக்கு மலை ஏறப் போற.

அப்புறம், கோவிச்சுக்காத. மேக்கால நின்ன பூவரசை வெட்டுனது யாரு? காருக்குத் தகரக் கொட்டகை போட்டது யாரு? முப்பது வருஷமா அந்த மரம் சாயங்கால வெயிலை வாசல்லயே நிறுத்தி வச்சிருந்துச்சு. காவக்காரனை வெட்டிப்போட்டுட்டு, கள்ளன் உள்ள வந்துட்டான் மாமான்னு என்கிட்ட வந்து அழுதா நான் என்ன செய்ய? கார் சொகமா இருக்கு. நீதான் வேகுற.

மருமகளைக் கேட்டியா? உள்ள பாத்திரம் உருளுற சத்தம் கேக்குதா? அதான் பதிலு. நீ ரிட்டையர் ஆகிட்ட, அவ ஆகலை. இங்க அவளுக்கு இருக்கன்குடி மாரியாத்தா இருக்கா, சீட்டுக்காரி இருக்கா, காய்ச்சல்னா ரசம் வச்சுக் கொண்டாறதுக்கு எதுத்த வீட்டுக்காரி இருக்கா. அங்க அவளுக்கு இருக்கிறது நீயும், 93 டிகிரியில கொதிக்கிற தண்ணியும்.

வருஷத்துக்கு ஒருக்க நீ பென்சன் ஆபீசுக்குப் போய், ‘அய்யா, நான் உசுரோடதான் இருக்கேன்’னு முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடுறேல்ல? அதை எங்களை மாதிரிப் பட்டிக்காட்டான் தெனமும் செய்யறான். டீக்கடைதான் எங்க பென்சன் ஆபீசு. போன ஆவணியில எனக்கு வயித்தால போய் ரெண்டு நாள் படுத்துட்டேன். மூணாம் நாள் விடிய டீக்கடைக்காரன் கிளாசோட வந்து இந்தக் கட்டில்கிட்ட நிக்கிறான். ‘என்ன பெருசு, இருக்கியா?’ன்னான். ‘பாக்கி 40 ரூவா இருக்கே, அதுக்குள்ள போவேனா?’ன்னேன். சிரிச்சுட்டு டீயை வச்சுட்டுப் போனான். பாக்கிக்கு வந்தானோ பாசத்துக்கு வந்தானோ, வந்தான்ல?

அதனால ஒரு வழி சொல்றேன். வீட்டை விக்காத. பூட்டிச் சாவியை என்கிட்டக் குடு. அங்க வாடகைக்கு ஒரு வீடு பிடி. சித்திரையில போகாத, அப்ப எல்லாரும்தான் போறான். ஐப்பசி பொறந்ததும் குடையோட போ. அடைமழையைப் பாரு, மார்கழியைப் பாரு, சீசனுக்கு ஊரே காரா நிக்கிறதையும் பாரு. ஒரு முழு வருஷம் இரு. போனதுமே ஒரு டீக்கடையைப் பிடி. அதே பெஞ்சுல, அதே நேரத்துக்கு ஒரு ஆறு மாசம் உக்காரு. கொஞ்சம் பாக்கியும் வையி. அப்புறம் ஒரு ரெண்டு நாள் சொல்லாம கொள்ளாம வீட்டுலயே இரு. மூணாம் நாள் யாராச்சும் கதவைத் தட்டி ‘என்ன சார், ஆளைக் காணோம்?’னு கேட்டான்னா, அந்த ஊரு உனக்கு ஊரு. அன்னைக்கே எனக்குப் போன் போடு, இங்க வீட்டை விக்க நானே ஆள் பிடிச்சுத் தாரேன். தட்டுனது காட்டுமாடா இருந்தா, கதவைத் தெறக்காம அடுத்த பஸ்ஸுல வந்திரு.

என்ன சிரிக்கிற? கெழவன் எதுக்கு இம்புட்டுப் பேசுறான்னு யோசிக்கிறியா? யோசி. நீ வீட்டை வித்தா, வாங்குறவன் ரெண்டாவது காரை எங்க நிறுத்துவான்? இந்த வேம்பைத்தான் மொதல்ல வெட்டுவான். பதினேழு வருஷமா என் கட்டில் கெடக்கிறது இதுக்கடியிலதான். நான் சொன்னதுல பாதி உன் நல்லதுக்கு, பாதி இந்த நெழலுக்கு. எது எந்தப் பாதின்னு நீயே பிரிச்சு எடுத்துக்கோ.

அதுக்கு முன்னால மருமககிட்ட டீக்குச் சொல்லு. நம்மூருத் தண்ணி, 100 வரைக்கும் கொதிக்கட்டும்.