இருபது வருஷ வெற்றி

வெளிநாட்டில் போய் ஒரு போரைத் தொடங்கியாயிற்று. ஜெயிக்க முடியவில்லை, விட்டுவிட்டு வர மானம் இடம் கொடுக்கவில்லை. ஒரு வல்லரசு இப்போது என்ன செய்ய வேண்டும்? ராணுவக் கல்லூரிகளில் இதைத் தடித்தடியான புத்தகங்கள் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். எதற்கு அந்தச் சிரமம்? 2001 அக்டோபரிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா செய்முறை விளக்கமே நடத்திக் காட்டியிருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகம் போட்ட கணக்குப்படி செலவு 2.3 லட்சம் கோடி டாலர். வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பாடம் இலவசம்.

அடிப்படை விதி இது: சொந்த ஊரில் ஒருவனுக்கும் வலிக்கக் கூடாது. வலித்தால் கேள்வி கேட்பான். வியட்நாம் போரின்போது கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கும் ஓலை வந்தது, வீதிக்கு வந்துவிட்டார்கள். இந்தமுறை அந்தத் தப்பு நடக்கவில்லை. சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள் போனார்கள், திரும்பத் திரும்ப அவர்களே போனார்கள். போர் என்றால் வரி போடுவது ராஜா காலத்துப் பழக்கம். போருக்குச் சில மாதம் முன்பு வரியைக் குறைத்திருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், இராக்கிலும் இறங்கிய 2003-ல் இன்னொரு முறை குறைத்தார். அப்படியானால் பணம்? கடன்தான். வட்டியைப் பேரன் பேத்திகள் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பேரன் பேத்திகளுக்கு இன்னும் ஓட்டு இல்லை என்பது கூடுதல் வசதி.

சட்டப்படி அனுமதி வேண்டுமே என்றால், அதற்கு அறுபது வார்த்தை போதுமானதாக இருந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றாம் நாள், 2001 செப்டம்பர் 14-ல், அந்த அனுமதி நிறைவேறியது. எந்த நாட்டின் மீது என்று அதில் இல்லை. எப்போது முடியும் என்றும் இல்லை. செனட்டில் 98-க்குப் பூஜ்யம், கீழவையில் 420-க்கு 1. அந்த ஒன்று கலிபோர்னியாவின் பார்பரா லீ. எங்கே போய் முடியும் என்று தெரியாத போருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கொலை மிரட்டல்கள் வந்தன; அவருக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. மற்ற 420 பேருக்கும் ஒன்றும் வரவில்லை. இருபது வருஷம் கழித்தும் வரவில்லை, வெட்கம் உட்பட.

அடுத்தது, எதிரி சரணடைய வந்தால் விட்டுவிடக் கூடாது, போர் முடிந்துபோகும். 2001 டிசம்பரில் காந்தஹாரை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம் என்று தாலிபான் தலைவர்கள், ஆப்கன் இடைக்கால அரசுக்குத் தலைவராகத் தேர்வான ஹமீத் கர்சாயிடம் பேசி முடித்திருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் முடியாது என்றுவிட்டார். 2003 மே முதல் தேதி காபூலுக்குப் போய், பெரிய சண்டைகள் முடிந்துவிட்டதாக அறிவித்தார். அதே மனிதர் நாலு மாதம் கழித்துத் தன் அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பு எழுதுகிறார்: எதிரிகள் யார் என்றே தனக்குத் தெளிவாகத் தெரியவில்லையாம். ஊருக்குச் சொன்னது ஒன்று, உள்ளே எழுதியது இன்னொன்று. இருபது வருஷ வரலாறும் இந்த இரண்டு தாளுக்குள் அடக்கம்.

பிறகு வந்தவர்கள் ரம்ஸ்ஃபெல்டை மிஞ்சினார்கள். அமெரிக்கப் படைகளின் தளபதி மெக்கிரிஸ்டலுக்கு காபூலில் ஒரு பவர்பாயிண்ட் படம் போட்டுக் காட்டினார்கள். போரின் காரண காரியங்களைக் கோடு கோடாக இழுத்து, நூல்கண்டைப் பூனை பிராண்டியதுபோல் ஒரு படம். இது புரிகிற அன்றைக்குப் போரை ஜெயித்துவிடுவோம் என்று அவரே சொன்னாராம். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மேலும் பன்னிரண்டு வருஷம் நடத்தினார்கள்.

2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் மூன்று வருஷம் வழக்காடி வாங்கிய அரசு ஆவணங்களை வெளியிட்டது. தளபதிகள், தூதர்கள், அதிகாரிகள் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பிடம் மனம்விட்டுப் பேசியவை. எங்களுக்கு அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, என்ன செய்கிறோம் என்றும் தெரியாது, புள்ளிவிவரங்களை நல்லபடியாகத் தெரியும்படி மாற்றி எழுதினோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதே காலத்தில்தான் வருஷா வருஷம் யாராவது ஒரு தளபதி செனட் குழுவின் முன் வந்து உட்கார்ந்து, முன்னேற்றம் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள் அவருடைய சேவைக்கு நன்றி சொல்லி நிதியை ஒதுக்கினார்கள்.

நிதி போன இடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள் நம் ஊரில். ஆப்கன் ராணுவத்துக்குச் சீருடை எடுத்தார்கள். அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் வர்தக் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்ட டிசைன் அது: பச்சைக் காட்டுக்குள் ஒளிந்துகொள்ள வசதியான இலைதழை வடிவம். ஆப்கானிஸ்தானில் காடு 2.1 சதவீதம்தான்; மிச்சமெல்லாம் மண்ணும் பாறையும். தனியார் உரிமையுள்ள டிசைன் என்பதால் கூடுதலாக 2.8 கோடி டாலர் வரை போனது. பொட்டல் வெளியில் பச்சை இலை உடுத்தி நிற்கும் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். எதிராளிக்குக் குறி பார்க்க இதைவிட உதவி வேறு யார் செய்ய முடியும்?

இத்தாலியிலிருந்து 16 சரக்கு விமானங்கள் வந்து சேர்ந்தன. திட்டத்துக்கு 54.9 கோடி டாலர். ஒழுங்காகப் பறக்கவில்லை. கடைசியில் காபூலில் உடைத்துப் பழைய இரும்பாகப் போட்டதில் கிடைத்தது 32,000 டாலர். ஹெல்மண்டில் ஒரு தலைமையகம், 64,000 சதுர அடி. எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று அங்கிருந்த கடற்படைக் காலாட்படைத் தளபதிகளே 2010-ல் எழுதிக் கொடுத்தார்கள். நிதி ஒதுக்கியாயிற்று, கட்டு என்று மேலிடத்து உத்தரவு. 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டினார்கள். ஒருவரும் குடியேறவில்லை. கட்டச் சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி தணிக்கை அதிகாரி ஜான் சோப்கோ எழுதினார். நடவடிக்கை இல்லை.

இனி ராணுவம். பட்டியலில் மூன்று லட்சம் பேர். நூறு நாள் வேலையில் செத்தவர் பெயரிலும் அட்டை ஓடுவதுபோல் அங்கே இல்லாத சிப்பாய்களுக்குச் சம்பளம் ஓடியது. அது தணிக்கை அறிக்கைகளில் வருஷக்கணக்காக எழுதப்பட்டும் இருந்தது. இருந்த சிப்பாய்களுக்கோ மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, சாப்பாடும் ஒழுங்காக இல்லை. 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டபோது, அந்தச் சிப்பாய்கள் யாருக்காகச் செத்தார்களோ அந்த ஆப்கன் அரசை அமெரிக்கா மேசையில் உட்காரவே விடவில்லை. எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டவர் முல்லா பராதர். 2010-ல் பாகிஸ்தானில் பிடித்து உள்ளே வைத்த ஆள்; பேச ஆள் வேண்டும் என்று அமெரிக்காவே கேட்டு 2018-ல் வெளியே கொண்டுவந்தது. 2001-ல் சும்மா வந்த சமாதானத்தை உதைத்துத் தள்ளிவிட்டு, பத்தொன்பதாம் வருஷம் காலில் விழுந்து வாங்கினார்கள்.

2021 ஜூலையில் பக்ராம் விமானப்படைத் தளத்தைக் காலி செய்தார்கள். இரவோடு இரவாக, மின்சாரம் நின்று, கும்மிருட்டு. இவர்கள் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே தனக்குத் தெரியும் என்று பொறுப்பேற்ற ஆப்கன் தளபதி சொன்னார். அதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்து கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. மறுநாள் அதிபர் பைடன் தொலைக்காட்சியில் தோன்றி, தங்களுக்காகப் போராட ஆப்கானியர்களுக்கே மனமில்லை என்றார். செத்த ஆப்கன் சிப்பாய்கள், போலீஸ்காரர்கள் 69,000 பேர். அமெரிக்கப் படையினர் சுமார் 2,460. பொதுமக்கள் 46,000-க்கும் மேல். 69,000 பிணங்களின் மேல் நின்றுகொண்டு மனமில்லை என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

பெண்களைக் காப்பாற்றப் போனோம் என்றும் ஒரு பாட்டு இருந்தது. 2001 நவம்பரில் அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார்: பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்தான் என்று. இன்று அங்கே ஆறாம் வகுப்போடு பெண்பிள்ளைகளின் படிப்பு நிறுத்தம். இந்த விஷயத்தில் நாம் மார்தட்ட ஒன்றுமில்லை. காபூலில் நாடாளுமன்றக் கட்டடம் இந்தியா கட்டிக்கொடுத்தது. 2015 டிசம்பரில் மோடி திறந்துவைத்தார். கட்டடம் இருக்கிறது, நாடாளுமன்றம் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களை ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தோம். இங்கே படித்துவந்த மாணவர்கள் பலர் ஊருக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தக்கி டெல்லிக்கு வந்தார். முதல் செய்தியாளர் சந்திப்பில் ஒரு பெண் நிருபர்கூட இல்லை. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது நம் அரசு. கண்டனம் கிளம்பியபின் அந்த மனிதரே பெண்களையும் கூப்பிட்டு இன்னொரு சந்திப்பு வைத்தார். தாலிபானுக்கு வந்த கூச்சம் நமக்கு வரவில்லை.

போர் முடிந்த பிறகும் வசூல் நிற்கவில்லை. நியூயார்க்கில் இருந்த ஆப்கன் மத்திய வங்கியின் பணம் சுமார் 700 கோடி டாலரை முடக்கினார்கள். ஆப்கானிஸ்தானில் குளிர்காலம், பசி. 2022 பிப்ரவரியில் அதில் பாதியை, செப்டம்பர் 11 தாக்குதலில் பலியானவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகளுக்காக ஒதுக்கிவைக்க பைடன் உத்தரவு போட்டார். அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள். ஆப்கன் ஒருவர்கூட இல்லை.

2021 ஆகஸ்ட் 29-ல், கிளம்புவதற்கு முந்தைய நாள், காபூலில் ஒரு வீட்டு வாசலில் நின்ற கார் மீது ஆளில்லா விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். பயங்கரவாதியைக் கொன்றோம், நியாயமான தாக்குதல் என்றார் முப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி. இறந்தவர்கள் பத்துப் பேர், அதில் ஏழு குழந்தைகள். காரை ஓட்டிவந்தவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். மூன்று வாரம் கழித்துத் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், இதற்காக யாரையும் தண்டிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அந்தக் குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, விமானப் படையில் இருந்த டேனியல் ஹேல் என்பவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 45 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஆளில்லா விமானங்கள் யாரையெல்லாம் கொல்கின்றன என்ற ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம்.