மேல்தள ஓசையும் கீழ்தள உறக்கமும்: ஸ்ரீரங்கப்பட்டணச் சான்றுகள்

மேல்வீட்டு ஓசை இருவகைப்படும். பேச்சு, தொலைக்காட்சி, சண்டை முதலியன காற்றுவழி வருபவை. காலடி, நாற்காலி இழுப்பு, இஞ்சி தட்டுதல், பிள்ளைகள் கட்டிலிலிருந்து குதித்தல் ஆகியவை தளத்தையே அதிரவைத்து வருபவை. ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ளது. முதல்வகையை அது பெரும்பாலும் அடக்கிவிடும். மேல்வீட்டுச் சண்டையின் காரணம் கீழ்வீட்டாருக்குக் கடைசிவரை விளங்காமல் போவது இதனால்தான். இரண்டாம் வகைக்கு அந்த எடை போதாது.

இந்த ஓசைகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் தக்க ஆய்வுக்களம். சென்னை எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலாண்ட், பெரிய வளைவுப் பாலம் சாத்தியமே என்று மெய்ப்பிக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நூறடிக்கு மேல் அகலமான செங்கல் வளைவு ஒன்றை எழுப்பினார். மேலே ஏறிக் குதித்தால் அது அதிரும். 1930களில்தான் விழுந்தது. அதனடியில் யாரும் குடியிருக்காததால் புகார் ஏதும் எழவில்லை.

இதே ஊரில் 1784இல் திப்பு சுல்தான் கட்டி முடித்த தரியா தௌலத் மாளிகை பெரும்பாலும் தேக்கு. மரத்தளம் எடை குறைந்தது; நடப்பவரின் ‘தொம் தொம்’ அப்படியே கீழே இறங்கும். சுவரில் 1780ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போர் யானை, குதிரை, பீரங்கிகளோடு நடக்கிறது. நல்லவேளை, அது ஓவியம்.

இங்குள்ள பெய்லி நிலவறையின் நிலைமை வேறு. 1799 முற்றுகையின்போது மேலேயிருந்த பீரங்கி கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்ததாகச் சொல்வார்கள். பீரங்கி இன்றும் நிலவறைக்குள்தான் இருக்கிறது. ஓசைக்குக் காரணமான பொருள் நேரிலேயே வந்து சேரும் இதை மூன்றாம் வகையாகக் கொள்ளலாம். இதற்கு ஒலித்தடுப்பு உதவாது.

இரண்டாம் வகை ஓசையைத் தளம் எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கச் சோதனைக்கூடங்களில் ஓர் இயந்திரம் உண்டு. அரைக்கிலோ சுத்தியல்கள் ஐந்து, 4 செ.மீ. உயரத்திலிருந்து விநாடிக்குப் பத்து முறை விழும். மேல்வீட்டுப் பாட்டி வெற்றிலை இடிப்பதற்கு இது ஈடாகாது என்பது கீழ்வீட்டார் தரப்பு.

பரிகாரங்களில் முட்டைத் தட்டும் தெர்மாகோலும் வீண். அவற்றுக்கு எடையே இல்லை. ரப்பர் வைத்த கொக்கிகளில் இரண்டடுக்கு ஜிப்சம் பலகையைப் பொய்க்கூரையாகத் தொங்கவிட்டு, இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, ஓரங்களைப் பூசினால் பலன் உண்டு. ஆனால் மின்விசிறிக் கொக்கி பலகையை முட்டிக்கொண்டு இறங்கினால் அதிர்வு அதன்வழி வந்துவிடும். கூரையை அடைத்தாலும் மிச்ச ஓசை சுவர்வழி இறங்கும். கொத்தனாரும் தச்சரும் ஒருவரையொருவர் குறைசொல்லத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்.

அதிர்வை அது பிறக்குமிடத்திலேயே மடக்குவதுதான் முறை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், உரலுக்கு அடியில் நாலாக மடித்த சாக்கு, நடைவழியில் தடித்த கம்பளம் போதும். மூன்றையும் கீழ்வீட்டாரே வாங்கிக்கொண்டுபோய் மேல்வீட்டில் கொடுத்தாலும் பொய்க்கூரையைவிடச் செலவு குறைவு.